வாரட்டா ஃபிலிமும் என் மூன்று ஃப்ரீஸர்களும்

வென்ஸு ஷிக்லூனா எனக்கு இரண்டாயிரத்து நானூறு டாலர் தர வேண்டியிருந்தது. மூன்று பெட்டி ஃப்ரீஸர்களின் விலை. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. என் மூத்த மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவன். அவனிடம் போய்க் கையெழுத்து கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை முயல் குழம்பு எனக்கு மட்டும் இல்லாமல் போயிருக்கும். என் மனைவி அந்த மாதிரி.

என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் குறைத்துத்தான் சொல்வார்கள். நான் ஸ்பிரு. மெல்போர்னுக்கு மேற்கே சன்ஷைனில் ஃப்ரிட்ஜ் கடை ஸ்பிரு என்று கேட்டால் ரயிலடியில் நிற்கிற எவனும் வழி காட்டுவான். மால்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட வராந்தாவில் முட்டி போட்டதுதான் அதிகம். பதினேழு வயதில் கப்பலேறி மெல்போர்ன் வந்து மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளம் தூக்கினேன். பிறகு ஐஸ் பெட்டி ரிப்பேர், பிறகு சொந்தக் கடை. இப்போது கடை இரண்டு, வீடு நான்கு. இந்த வட்டாரத்தில் என்னிடம் கடனுக்குச் சாமான் எடுத்துக் காசு கொடுக்காமல் போனவன் என்று ஒருத்தனைக் காட்டச் சொல்லுங்கள். முடியாது. அந்தப் பேரைத்தான் வென்ஸு தன் கராஜுக்குள் பூட்டி வைத்திருந்தான்.

அவனும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். என் படுக்கைக்குக் கீழ்ப்படுக்கை அவனுக்கு. ஏடன் தாண்டும்வரை வாந்தி எடுத்தான். ஆறடிக்கு மேல் உயரம், கை கால் எல்லாம் நீளம், வாயில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லை. இறங்கின மூன்றாம் நாள் வாரட்டா ஃபிலிம் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. எப்படி என்கிறீர்களா? ஃபிலிம் வெட்டுகிற ஹால் முழுக்க இருட்டு. பலகை படிக்க வேண்டாம், ஆளைப் பார்த்துப் பேச வேண்டாம். இங்கிலீஷ் தெரியாதவர்களை ஒரு பக்கமாக நிற்கவைத்து இருட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். கம்பெனி அதற்கு வைத்த பேர் வாய்ப்பு.

அந்த இருட்டை நீங்கள் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மூக்குக்கு முன்னால் கையைப் பிடித்தால் கை தெரியாது. ஃபிலிமில் ஒரு துளி வெளிச்சம் பட்டால் ரோல் முழுக்கப் போச்சு. அதனால் சிகரெட் கூடாது, தீப்பெட்டி கூடாது, முள் மினுங்குகிற கைக்கடிகாரத்தை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லோரும் விசில் அடித்துக்கொண்டே நடப்பார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. கிரேக்கன் ஒருத்தன் கல்யாணப் பாட்டு, ஐரிஷ்காரன் ஒருத்தன் சாவுப் பாட்டு. வென்ஸுவுக்கு எங்கள் ஊர்த் திருவிழாவின் பேண்டு மார்ச். கடைசியில் அது அவனை விட்டுப் போகவே இல்லை. வெட்ட வெயிலில், ஹாம்ப்ஷயர் ரோடு முனையில் திரும்பும்போதுகூட விசில் அடிப்பான். எதிரே வருகிற பெண்பிள்ளைகள் முறைப்பார்கள். அவனுக்கு ஏன் என்றே புரியாது.

ஹாலுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. சாப்பாட்டுக் காசு, சீட்டில் தோற்ற காசு, மனைவிக்குத் தெரியாமல் வாங்கின கைமாற்று எல்லாவற்றையும் அந்த இருட்டுக்குள்ளேயே தீர்ப்பார்கள். நோட்டின் நீளத்தை விரலால் அளந்து, வாய்விட்டு எண்ணி, எதிராளி உள்ளங்கையில் வைத்தால் முடிந்தது. எவன் எவனுக்குக் கடன் என்று எந்தக் கண்ணும் பார்க்காது. பவுண்டு போய் டாலர் வந்தபோது ஒரு வாரம் தடுமாறினார்கள், பிறகு விரலுக்குப் பழகிவிட்டது. வென்ஸு இதை என்னவோ ராணுவ மெடல் மாதிரி சொல்லிக்கொள்வான்.

"எங்க ஹால்ல எவன் மூஞ்சியிலயும் கடன்காரன்னு எழுதி ஒட்டியிருக்காதுடா."

"மூஞ்சியே தெரியலேன்னா எங்கடா ஒட்டறது?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கம்பெனியைப் பற்றி எது சொன்னாலும் அவன் சிரிக்க மாட்டான்.

அந்தக் காலத்தில் சிரிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் எந்தக் குழந்தை பிறந்தாலும், எந்த நாய் குட்டி போட்டாலும் படம் எடுத்தார்கள். பாதிப் படத்தில் தலை இருக்காது; அதற்கும் காசு கொடுத்துத்தான் கழுவினார்கள். சிவப்பு டப்பாவில் வாரட்டா ஃபிலிம் இல்லாத மருந்துக்கடை கிடையாது. ஒவ்வொரு மார்ச்சிலும் லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளிக்கு போனஸ். பிப்ரவரியிலேயே ஹோல்டன் கார் விற்கிறவன் கம்பெனி வாசலில் கொடி கட்டி விடுவான். சோபாக்காரன், தையல் மெஷின்காரன், பல் டாக்டர் எல்லோரும் போனஸுக்குக் கடன் கொடுத்தார்கள். "மார்ச்சுல தர்றேன்" என்றால் எங்கள் வட்டாரத்தில் அது ரொக்கம். நானும் அப்படித்தான் ஃப்ரிட்ஜ் விற்றேன். என் கடை என் உழைப்பில் வளர்ந்தது. அந்த போனஸும் அங்கங்கே கொஞ்சம் தொட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

வென்ஸு ஃபோர்மேன் ஆனான். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள்.

"இருட்டுல வெள்ளைக் கோட்டு எவன் கண்ணுக்குடா தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்டா."

அந்தக் கோட்டை அவன் மனைவி ஜிஸ்வால்டா கஞ்சி போட்டு இஸ்திரி போடுவாள். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து போய் இருட்டுக்குள் நுழைவான். என்னைப் பார்த்தால் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னடா ஐஸ்காரா, தண்ணி வியாபாரம் எப்படிப் போகுது? நாங்க வெளிச்சத்துல வியாபாரம் பண்றவங்க" என்பான். ஞானஸ்நானமா, கல்யாணமா, எதற்குப் போனாலும் அவன் பரிசு ஃபிலிம் ரோல்தான். என் மகளுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று எல்லோரும் தங்கச் சங்கிலி போட்டார்கள். ஞானத்தகப்பன் பத்து ரோல் ஃபிலிம் கொடுத்தான். செத்த வீட்டுக்கும் ஒரு டப்பா கொண்டுபோனான், நான் கண்ணால் பார்த்தேன். இவ்வளவுக்கும் அவனிடம் ஒரு கேமரா கிடையாது. தான் வெட்டின ஃபிலிமை அவன் வெளிச்சத்தில் பார்த்ததும் கிடையாது, கெட்டுப்போனதைத் தவிர. கேட்டால், "செய்யறவன் வேற, பார்க்கறவன் வேற" என்று முடித்துவிடுவான்.

கம்பெனியின் பெரிய மேனேஜர் மிஸ்டர் ஹார்க்னெஸ். வருஷா வருஷம் கம்பெனி பிக்னிக்கில் பீப்பாய் மேல் ஏறிப் பேசுவார். மனுஷனுக்கு மூஞ்சி இருக்கிறவரைக்கும் ஃபிலிம் இருக்கும் என்பார். முதலில் ஜப்பான்காரன் ஃபிலிம் பாதி விலையில் வந்தது. ஹார்க்னெஸ் அதற்கும் பீப்பாய் ஏறினார். அடுத்து ஃபிலிமே வேண்டாத கேமரா வந்தது. கேன்டீனில் எல்லோரையும் கூட்டி, அதில் ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டி, இது பொம்மை, பேட்டரி தீர்ந்தால் வெறும் கல் என்றார். அன்று சாயங்காலம் மால்டீஸ் பேண்டு கிளப்பில் வென்ஸு அதையே எங்களுக்கு ஒப்பித்தான்.

"பேட்டரி தீந்தா வெறும் கல்லுடா. எழுதி வெச்சுக்கோ."

பகலில் பஸ் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் கிளப்பில் பீர் ஊற்றுகிற கர்ம்னு சொன்னான்: "அண்ணே, என் மருமகன் அதுல நூறு படம் எடுத்தான். ஒரு காசு செலவில்லை."

"நூறு படமா? எதுக்கு? மனுஷனுக்கு ஒரு ரோல், இருபத்துநாலு படம் போதும். அதுக்கு மேல எடுக்கறவன் பைத்தியம்."

அடுத்த மார்ச்சில் போனஸ் பாதியானது. அதற்கு அடுத்த மார்ச்சில் போனஸுக்குப் பதிலாகச் சிவப்புக் குடை கொடுத்தார்கள், மேலே வாரட்டா என்று வெள்ளை எழுத்தில் போட்டு. அந்த வருஷம் மெல்போர்னில் மழையே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடத் தடை. ஹோல்டன்காரன் கொடியை அவிழ்த்துக்கொண்டு போனான். நான் மட்டும் முன்னாலேயே மோப்பம் பிடித்து, வாரட்டா ஆட்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியிருந்தேன். யாரும் சொல்லிக் கொடுத்து இல்லை. ஐஸ் எப்போது உருகும் என்று எனக்குத் தோளிலேயே தெரியும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஹார்க்னெஸ் அங்கே இல்லை. அவர் முந்தின வருஷமே பெரிய தொகையோடு ஓய்வெடுத்துக்கொண்டு குவீன்ஸ்லாந்து கடற்கரைக்குப் போய்விட்டார். பொம்மையைப் பற்றி மற்றவர்களுக்குச் சொன்னதைத் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கிடங்கில் மிச்சம் இருந்த ஃபிலிமை வேலை போனவர்களுக்கே மலிவாக விற்றார்கள். ஆளுக்கு நாலு டப்பா ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். வென்ஸு கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் முக்கால்வாசியைக் கொடுத்து ஒரு லாரி நிறைய வாங்கினான். லாரி அவன் வீட்டு வாசலில் நிற்கிறபோதே என் கடைக்கு ஓடிவந்தான். கோட்டு போட்டிருந்தான்.

"ஸ்பிரு, பெட்டி ஃப்ரீஸர் மூணு வேணும். பெருசா."

"மாடு வாங்கியிருக்கியா?"

"ஃபிலிம்டா. குளிர்ல வெச்சா இருபது வருஷம் கெடாது. வெளியில வெச்சா ரெண்டு வெயிலுக்குப் போயிடும்."

"இருபது வருஷம் வெச்சு?"

"ஊரே திரும்பி வரும்டா. இந்தப் பொம்மை எல்லாம் அலுத்துப் போகும். அப்ப எங்கிட்டதான் வந்து நிப்பாங்க, ஹார்க்னெஸ் உட்பட."

"காசு?"

அவன் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு வாய்க்கு வந்தபடி, ஐம்பது வருஷப் பழக்கத்தில் சொல்லிவிட்டான்: "மார்ச்சுல தர்றேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவி கவுன்டரில் இருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு போய்விட்டது. மூன்று ஃப்ரீஸரையும் அன்றைக்கே நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவன் கராஜில் இறக்கினேன். கிளப்பில் எல்லோரும் இதை ஒரு மாதம் பேசினார்கள். ஸ்பிரு இல்லாவிட்டால் வென்ஸு என்ன ஆகியிருப்பான் என்று. அது நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனிப் புகைபோக்கியை வெடி வைத்து இடித்த நாளில் ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. வாரட்டாவில் வேலை செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆளுக்கொரு சின்னக் கேமராவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எல்லாம் பேட்டரி கேமரா. ஒருத்தனிடம்கூட ஃபிலிம் இல்லை. வென்ஸு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தூசி அடங்கினதும் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மார்ச் வந்தது, போனது. இன்னொரு மார்ச்சும் போனது. அவன் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியவன் நான். ஆனால் ஞானத்தகப்பனிடம் எப்படிக் கேட்பது? கர்ம்னு எனக்காகக் கேட்டான், கிளப்பில், நாற்பது பேர் முன்னால்.

"வென்ஸு அண்ணே, உங்க ஃபிலிம் ஸ்பிருவோட ஃப்ரீஸர்ல சுகமா தூங்குது. ஸ்பிரு எப்ப தூங்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. வென்ஸு எழுந்தான். முகம் செங்கல் மாதிரி இருந்தது.

"ஸ்பிரு காசை அவன் கையில எண்ணி வெக்கிற வரைக்கும் மாதா சொரூபத்துக்கு நான் தோள் கொடுக்க மாட்டேன். இந்த கிளப் படியும் ஏற மாட்டேன்."

இது பெரிய விஷயம். செப்டம்பர் திருவிழாவில் மாதா சொரூபத்தைத் தூக்கி வருகிற எட்டுப் பேரில் முன்வரிசை இடதுபக்கம் முப்பது வருஷமாக வென்ஸுவுடையது. மற்ற ஏழு பேரையும் அவன் உயரத்துக்குப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்காகவே அவன் வருஷம் முழுக்க முதுகை நேராக வைத்துக்கொண்டு நடப்பான்.

இடம் காலியானது. நான் ஏறிக்கொண்டேன். ஐஸ் பாளம் சுமந்த தோள், எனக்கு யார் நிகர்? ஒரே ஒரு குறை. எனக்கு உயரம் ஐந்தடி நாலு அங்குலம். சொரூபம் தெரு முழுக்க என் பக்கம் சாய்ந்தபடியே வந்தது. மாதா என் காதில் ஏதோ ரகசியம் சொல்ல வருகிற மாதிரி. பங்கு சாமியார் பக்கத்திலேயே வந்தார்.

"ஸ்பிரு, மாதா உன் பக்கமே சாயறாங்களே."

"எம்மேல பிரியம், சாமி."

அடுத்த வருஷம் தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வருஷம் இரண்டு துண்டு. கிரீடம் கழன்று பேண்டுக்காரன் தலையில் விழுந்த வருஷம் கிளப்பே என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

"விட்டுடேன் ஸ்பிரு. உனக்கு அது ஒரு காசா?" என்றான் கர்ம்னு.

"காசு இல்லதான். ஆனா கடன்."

"மாதாவுக்காக."

"மாதாவே கேட்டா தள்ளுபடி தர்றேன். எத்தனையோ தடவை எங்காது பக்கம் வந்துட்டாங்க, இதுவரைக்கும் கேட்கல."

நான் கேவலமான கஞ்சன் என்று அன்று நாலு பேர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான் தள்ளுபடி செய்தால் வென்ஸு அதை வாங்கிக்கொள்வானா? என் கடை ஷட்டரையே வந்து உடைப்பான். இது அவர்களுக்குத் தெரியாது, ஏடன் தாண்டி அவனோடு வந்த எனக்குத் தெரியும்.

ஒருநாள் கடைக்கு வந்தான். வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். கவுன்டரில் ஒரு டப்பாவை வைத்தான்.

"ஆயிரம் ரோல் எடுத்துக்க. கணக்கு தீந்துதுன்னு வெச்சுக்கலாம்."

"ஆயிரம் ரோலை வெச்சு நான் என்னடா பண்றது? கோழிக்கு வேலி கட்டவா?"

"வெலை வரும்டா."

"வந்தா நீயே வித்துட்டு எனக்கு நோட்டா கொடு. எங்கடையில நோட்டுதான் செல்லும்."

வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் டப்பாவை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான். கதவு தாண்டி முனையில் திரும்பும்போது விசில் கேட்டது.

அப்புறம் ஒரு ஜனவரி வெயில்; இந்த நாட்டில் கோடை அப்போதுதான். நாற்பத்தைந்து டிகிரி, ரயில் தண்டவாளமே வளைந்தது. மத்தியானம் மேற்குப் பக்கம் முழுக்க கரண்ட் போய்விட்டது. ஜிஸ்வால்டா போன் செய்தாள்.

"ஸ்பிரு அண்ணே, கொஞ்சம் வாங்க. இவரு ஃப்ரீஸர் மேல கம்பளி போத்தி அதுக்கு மேல ஏறிப் படுத்திருக்காரு. எறங்க மாட்டேங்கறாரு."

"எந்த ஃப்ரீஸர்?"

"மூணு மேலயும். குறுக்கே நீட்டிப் படுத்திருக்காரு."

வண்டியை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஐஸ் பாளம் ஏற்றினேன். எழுபது தாண்டின மனுஷன், பாளத்தைத் தோளில் வைத்து அவன் கராஜுக்குள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனேன். மார்க்கெட் பையன்கள் யாராவது பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். வென்ஸு பனியனோடு ஃப்ரீஸர் மேலிருந்து இறங்கி, நான் வைத்த பாளங்களைச் சுற்றித் துணி சுற்றினான்.

"நீதான் இது குப்பைன்னு சொன்னியே. அப்புறம் எதுக்குடா வந்தே?"

"குப்பைக்காக வரல. என் ஃப்ரீஸர் கம்ப்ரெஸர் கெட்டுடும்."

"கரண்ட் இல்லாம கம்ப்ரெஸர் எப்படிக் கெடும்?"

"ஃப்ரிட்ஜைப் பத்தி எங்கிட்ட பேசாதே" என்றேன்.

மறுநாள் கரண்ட் வந்தது. ஒரு ரோலும் கெடவில்லை என்று பிறகு சொன்னான். நான் கேட்கவில்லை.

இன்னும் சில வருஷம் போயிற்று. கரண்ட் பில்லைக் கட்டிக் கட்டி ஜிஸ்வால்டாவின் பொறுமை தீர்ந்துவிட்டது. முனிசிபாலிட்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு வாசலில் போடுகிற பழைய சாமான்களை அள்ளிப் போவார்கள். அந்த வாரம் வென்ஸு கண் புரை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி போயிருந்தான். ஆயுசு பூராவும் இருட்டில் வேலை செய்தவனுக்குக் கண்ணில் வேறு எதைத் தேடி ஆபரேஷன் செய்தார்களோ. அவள் ஒரு ஃப்ரீஸரைக் காலி செய்து, பெட்டி பெட்டியாக வாசல் புல்லில், உடைந்த நாற்காலிக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

தாடி வைத்த ஒரு பையன் வண்டியை நிறுத்தினான். கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். அவள் பழைய இரும்பு பொறுக்குகிறவன் என்று நினைத்தாள்.

"இது வாரட்டா ஃபிலிமா அம்மா?"

"ஆமா. எடுத்துட்டுப் போ தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"குளிர்லயா வெச்சிருந்தீங்க?"

"எம்புருஷனைவிடக் குளிர்லதான் வெச்சிருந்தேன்."

அவன் ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யோக்கியமான பையன். அப்படியே அள்ளிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. "அம்மா, இதை இப்படித் தெருவுல போடாதீங்க. ரோலுக்குப் பதினெட்டு டாலர் நான் தர்றேன்" என்றான்.

ஜிஸ்வால்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெட்டிகளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். பையன் பயந்துபோய்ப் பின்னால் ஓடினான்.

"என்னம்மா, ஏன் உள்ள எடுத்துட்டுப் போறீங்க?"

"வெயில்ல கெட்டுடும்பா. இருபது டாலர் சரக்கு."

"பதினெட்டுன்னுதானே சொன்னேன்."

"அது வாசல்ல கிடந்தப்போ."

நாலு பெட்டியையும் உள்ளே இழுத்து வைத்துவிட்டுத்தான் அவள் அவனுக்கு எங்கள் ஊர்ப் பலகாரம் பஸ்தித்ஸி சூடாகக் கொடுத்தாள். வென்ஸு ஒற்றைக் கண்ணில் கட்டோடு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டுக் குதிக்கவில்லை. எதிர்பார்த்த ரயில் கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி தலையை ஆட்டினான். ஆனால் சரக்கைக் காட்ட ஒரு நிபந்தனை போட்டான். கராஜில் விளக்கு போடக் கூடாது. ரோலெல்லாம் டப்பாவுக்குள் இருக்கிறது, வெளிச்சத்தால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. பையனுக்கே அது தெரியும். வென்ஸு கேட்கவில்லை. கதவைச் சாத்தி, "விசில் அடிச்சுட்டே வாப்பா" என்றான். பையன் விசில் அடித்தும் முட்டியை இடித்துக்கொண்டான்.

அவன் இரண்டு ரோலைக் கொண்டுபோய்ப் படம் எடுத்து, பத்து நாளில் திரும்பி வந்தான். படத்தில் எல்லோர் முகமும் லேசாகச் சிவந்திருந்தது, எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி. பையன் அதைப் பார்த்துச் சொக்கிப் போனான். இந்தச் சிவப்பு உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது என்றான். வென்ஸு படத்தைக் கட்டில்லாத கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கம்பெனி இருந்தப்போ இந்தச் சிவப்பு வந்தா அந்தச் சரக்கையே குப்பையில கொட்டுவோம்" என்றான்.

"அதான் சார் எல்லாரும் தேடறாங்க."

என்ன ஜனங்கள் பாருங்கள். நல்ல படம் எடுக்கிற பொம்மையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கெட்டுப்போன படத்துக்கு இருபது டாலர் கொடுக்கிறார்கள். கம்பெனி நன்றாகச் செய்ததால் செத்தது. இன்னும் கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் இன்றைக்கும் புகைபோக்கி நின்றிருக்கும். பையன் சிநேகிதர்களைக் கூட்டி வந்தான். தாடிகளாக வந்து நின்று, கராஜ் இருட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டு போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

எனக்கு இதெல்லாம் கர்ம்னு வந்து சொன்னான். சொல்லிவிட்டு விரலை மடக்கினான்.

"ஆயிரம் ரோல், இருபது டாலர். ஸ்பிரு, அது எவ்வளவு ஆச்சு? நீதான் கணக்குல புலியாச்சே."

"நான் ஃப்ரிட்ஜ் வியாபாரி. குப்பை வியாபாரம் எனக்குத் தெரியாது" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆகஸ்ட் கடைசியில், திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வென்ஸு போன் செய்தான். கராஜுக்கு வா என்றான், அவ்வளவுதான். மத்தியானம் போனேன். வெள்ளைக் கோட்டு போட்டு நின்றிருந்தான். கஞ்சி மொடமொடவென்று இருந்தது. நான் உள்ளே போனதும் கதவை இழுத்துச் சாத்தினான். கதவிடுக்கில் எல்லாம் கறுப்புத் துணி ஒட்டி வைத்திருந்தான். சத்தியமாக என் கை எனக்குத் தெரியவில்லை.

"விளக்கைப் போடுடா. நான் எண்ண வேண்டாமா?"

"ஹால் கணக்கு ஹால் மாதிரிதான் தீரும். விசில் அடிச்சுட்டு வா."

"நான் இந்த வயசுல யாருக்கும் விசில் அடிக்கறதில்ல."

இரண்டடி வைத்தேன். என் சொந்த ஃப்ரீஸரே என் முழங்காலை உடைத்தது. இருட்டில் அவன் சிரிப்பது கேட்டது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். வேறு வழியில்லாமல் விசில் அடித்தேன். வேறு பாட்டு ஒன்றும் அந்த நேரத்தில் வரவில்லை, அதே பேண்டு மார்ச்தான் வந்தது. அவன் எதிரிலிருந்து அதையே அடித்துக்கொண்டு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பி விரித்தான்.

"ஐம்பது" என்றான். உள்ளங்கையில் ஒரு நோட்டு விழுந்தது. "நூறு. நூத்தம்பது."

"ஐம்பதுன்னு எப்படித் தெரியும்? இருபதா இருந்தா?"

"நீளத்தைத் தடவிப் பாருடா, ஐஸ்காரா."

தடவிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே நீளமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"சரிதான், எண்ணு."

ஆயிரத்தைத் தாண்டினபோது நிறுத்தினான். "ஆயிரம் ரோல் எடுத்துக்கன்னேன், ஞாபகமிருக்கா? கோழி வேலி எப்படிடா இருக்கு?"

"பேசாம எண்ணுடா. கை வலிக்குது."

"முன்வரிசை, இடதுபக்கம்."

"உன்னோடதுதான். யாரு வேணாம்னா? மாதாவுக்குக் கழுத்து சுளுக்கிப் போயிருக்கும்."

பிறகு எண்ணிக்கை மட்டும் கேட்டது. நோட்டு மேல் நோட்டாக என் கையில் கனம் ஏறியது. இரண்டாயிரம் தாண்டின பிறகு அவன் மெதுவாக எண்ணினான். அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் முகமும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஹால்காரர்கள் ஏன் இருட்டில் கணக்குத் தீர்த்தார்கள் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

"ரெண்டாயிரத்து முந்நூறு" என்றான். "ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது."

கடைசி நோட்டை உடனே வைக்கவில்லை. விரலால் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீவி, அளந்து, "ரெண்டாயிரத்து நானூறு" என்று சொல்லி, விரித்திருந்த என் உள்ளங்கையில் வைத்தான்.